பார்க்காத நாளையும் எழுதுங்கள்: ஒரு குளத்தை ஆண்டு முழுக்கக் கணக்கெடுப்பது எப்படி

முதல் மூன்று ஆண்டுகள் நான் எழுதிய நோட்டுகள் மூன்றும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. "முக்குளிப்பான் ஜோடி, இரண்டு குஞ்சுகளோடு", "சிவப்புத் தட்டான், வடகரை", "தாழைக்கோழி நான்கு" என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நான்காம் ஆண்டு, குளத்துக் கோரை முழுவதையும் வழித்தெடுத்துவிட்டுக் கரையைச் சுற்றிக் கல் பதிக்கப்போகிறார்கள் என்று தெரியவந்தது. நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆய்வாளரிடம் ஓடினேன். முக்குளிப்பான் என்ற, நீரில் மூழ்கி இரைதேடும் அந்தச் சிறு பறவை குறைந்துகொண்டே வருகிறது, கோரையும் போனால் அது இங்கே தங்காது என்று சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. அவர் மூன்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை நாள் போய், இது கண்ணில் படாமல் திரும்பினீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. பார்த்த நாட்களை மட்டும்தான் எழுதியிருந்தேன். முதலாம் ஆண்டில் முக்குளிப்பான் 26 முறை, மூன்றாம் ஆண்டில் 11 முறை. பறவை குறைந்ததா, நான் போவது குறைந்ததா? மூன்றாம் ஆண்டு எனக்கு வேலை அதிகம், பல வாரம் குளத்துப் பக்கமே போகவில்லை. எத்தனை வாரம் என்பதும் நினைவில்லை. அந்த நான்காம் ஆண்டு கோரையில் பாதிக்கு மேல் வழித்தெடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒன்பது ஆண்டுகளாக வேறு முறையில் எழுதிவருகிறேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உங்கள் இடம் குளமாக இருக்கவேண்டும் என்றில்லை. ஓடைக்கரை, புல்வெளி, ஒரு சிறு காடு, எதுவானாலும் சரி. நான் அறிந்தது குளம் என்பதால் குளத்தை வைத்தே சொல்கிறேன்.

இடமும் பாதையும்

அரிய உயிர்கள் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகாதீர்கள். வாரம் ஒருமுறை, சோம்பலாக இருக்கும் நாளிலும் போய்வரக்கூடிய இடம் எதுவோ அதுதான் உங்கள் இடம். தொலைவில் இருக்கும் அருமையான ஏரியை ஆண்டுக்கு நான்கு முறை பார்ப்பதைவிட, பக்கத்தில் இருக்கும் சாதாரணக் குட்டையை 50 முறை பார்ப்பது ஆயிரம் மடங்கு பயனுள்ளது. தனியார் இடமாக இருந்தாலும் பொது இடமாக இருந்தாலும், பொறுப்பில் உள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். நாளைக்கு உங்கள் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டப்போவதும் அவர்களிடம்தான்.

முதல் இரண்டு மூன்று முறை நோட்டில்லாமல் சும்மா நடந்து பாருங்கள். பிறகு ஒரு பாதையை முடிவு செய்து, அதில் நின்று பார்க்கும் இடங்கள் நான்கைத் தேர்ந்தெடுங்கள். என் பாதையில் முதல் நிற்குமிடம் ஆழமான திறந்த நீரைப் பார்த்தது. இரண்டாவது கோரையும் சம்பும் அடர்ந்த மூலை. மூன்றாவது, நீர் வற்றும்போது சேறு வெளிப்படும் சரிவு. நான்காவது மரங்கள் நிற்கும் கரை. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். நடைக்கு 25 நிமிடம். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிடம். நிற்குமிடத்துக்கு அடையாளமாகப் பாறை, மரம் போல நகராத எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். "கோரை தொடங்கும் இடம்" என்று வைத்தால், அடுத்த ஆண்டு கோரையே பத்து அடி தள்ளித் தொடங்கும்.

இங்கே ஒரு தவறு எல்லோருக்கும் நேரும். நிறைய உயிர்கள் தெரியும் மூலைகளையே நான்குக்கும் தேர்ந்தெடுத்துவிடுவோம். ஒன்றாவது எதுவும் இல்லாதது போல் தோன்றும் இடமாக இருக்கட்டும். என் நான்காவது இடம் அப்படித்தான் இருந்தது. ஆறாம் ஆண்டில் அங்கே ஒரு மரம் பட்டுப்போனது. இப்போது அதன் பொந்துக்காகவே மூன்று வகைப் பறவைகள் போட்டி போடுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வெறுமை நோட்டில் இருப்பதால்தான், பட்ட மரத்தை வெட்டாமல் விடுவது எவ்வளவு பெரிய உதவி என்று என்னால் காட்ட முடிகிறது.

ஒருமுறை முடிவு செய்த பாதையை மாற்றாதீர்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சியியல் ஆர்வலர்கள் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரே வகைக் கூடாரப் பொறியை, ஒரே முறையில் வைத்துப் பறக்கும் பூச்சிகளைச் சேகரித்து எடைபோட்டு வந்தார்கள். 27 ஆண்டுகளில் அந்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருந்தது 2017இல் வெளியான ஆய்வில் தெரிந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நடுவில் பொறியை மாற்றியிருந்தால், "புதுப் பொறி சரியாகப் பிடிக்கவில்லை" என்ற ஒரே வரியில் அத்தனை உழைப்பும் அடிபட்டுப் போயிருக்கும். அவர்கள் சலிக்காமல் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். நமக்கு வேண்டியதும் அந்தப் பொறுமைதான்.

எந்த நேரம்

பறவைகளுக்கு விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள். தட்டான், வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெயில் ஏறிய முற்பகல், காற்று அதிகம் இல்லாத நாள். தவளைகளுக்கு இருட்டிய பிறகு, முக்கியமாக மழை பெய்த இரவுகள். மூன்றையும் செய்ய ஆசைப்படாதீர்கள். ஒன்றை எடுத்து ஓராண்டு ஒழுங்காகச் செய்யுங்கள், பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம். நான் பறவையில் தொடங்கினேன். மூன்றாண்டு கழித்துத் தட்டானைச் சேர்த்தேன். தவளைக்கு மட்டும் மாதம் ஒருமுறை போகிறேன்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு பைனாகுலர், கெட்டி அட்டை நோட்டு, பென்சில், கைக்கடிகாரம் போதும். பேனா வேண்டாம். ஒரு மழையில் மூன்று பக்கம் நீலக் கறையாகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும்.

நோட்டில் என்ன எழுதவேண்டும்

உயிர்களைப் பார்க்கும் முன்பே பக்கத்தின் தலைப்பை எழுதிவிடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், மேகம், காற்று, நீர்மட்டம், எத்தனை பேர் பார்க்கிறீர்கள் என்பது. இருவர் பார்த்தால் ஒருவர் பார்ப்பதைவிட அதிகம் தெரியும், அதனால் ஆள் எண்ணிக்கை கட்டாயம். காற்றை அளக்கக் கருவி வேண்டாம். கோரை நுனி மட்டும் ஆடுகிறதா, சிறு கிளைகள் ஆடுகின்றனவா, நீரில் அலை எழுகிறதா என்று ஒரு வரி போதும். நீர்மட்டத்துக்கு, சாண் அளவுக்கு ஒரு கோடாகப் பெயிண்ட் அடித்த கோல் ஒன்றை ஓரமாக ஊன்றிவைத்திருக்கிறேன். பல கேள்விகளுக்குப் பின்னாளில் பதில் தந்தது அந்தக் கோல்தான். ஒரு ஆண்டு, சேற்றில் இரைதேடும் உள்ளான் பறவைகள் வரவே இல்லை என்று வருந்திக்கொண்டிருந்தேன். பக்கங்களைப் புரட்டினால், அந்தப் பருவம் முழுக்க நீர் ஆறாம் கோட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. சேறு வெளிப்படாமல் அவை எங்கே இறங்கும்?

என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன் (வாரம் என்பது ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது):

"வாரம் 31. தொடக்கம் 6.40. மேகம் பாதி. காற்று: கோரை நுனி மட்டும். நீர்: கோடு 7. ஆள்: ஒருவர். இடம் 1: முக்குளிப்பான் 0. நீர்க்காகம் 2, ஒன்று இறகு காயவைக்கிறது. இடம் 2: தாழைக்கோழி 3 பெரியது, 1 இளசு. கோரைக்குள் தெரியாத குரல், 'டிக் டிக்' என்று, இரண்டு முறை. இடம் 3: கொக்கு 5. இடம் 4: 0. முடிவு 7.45."

இரண்டு சுழிகளைப் பார்த்தீர்களா? அவைதான் இந்தப் பக்கத்தின் உயிர். தேடினேன், கிடைக்கவில்லை என்பதற்கான பதிவு அது. எழுதாமல் விட்ட வெற்றிடத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. போகவில்லையா, போயும் கவனிக்கவில்லையா, கவனித்தும் காணவில்லையா என்று யாருக்கும் தெரியாது. நோட்டின் உள்ளட்டையில், உங்கள் இடத்தில் வழக்கமாகத் தெரியும் உயிர்களின் பெயரை ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சுற்று முடிந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்து, காணாதவற்றுக்கு எதிரே சுழி போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆனால் சுழி போட்டதாலேயே அந்த உயிர் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தவளை இனம் குளத்தில் இருக்கிறது, ஆனால் பத்து இரவில் நான்கு இரவுதான் கத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய் அதைக் கேட்காமல் வருவதற்கு 60 விழுக்காடு வாய்ப்பு. மூன்று இரவு போயும் கேட்காமல் போக 0.6ஐ மூன்று முறை பெருக்கினால் 0.216, அதாவது ஏறக்குறைய 22 விழுக்காடு. ஆறு இரவு போனால் 5 விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே ஒரு சுழி எதையும் சொல்லாது, மூன்று சுழி சந்தேகத்தைக் கிளப்பும், ஆறு சுழி ஓரளவு உறுதியாகப் பேசும். உயிரினம் அழிந்ததா இருக்கிறதா என்று ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவது இதனால்தான்.

எண்ணும்போது, கூட்டமாகப் பறப்பவற்றில் முதல் பத்தை ஒழுங்காக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதுபோல எத்தனை பங்கு என்று பாருங்கள். எண்ணியது என்றால் வெறும் எண். மதிப்பிட்டது என்றால் எண்ணுக்கு முன்னால், சுமார் என்பதற்காக "சு" என்று போடுங்கள். "நிறைய" என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். என் முதல் நோட்டில் 40 இடத்தில் "நிறைய" இருக்கிறது. அது எட்டா எண்பதா என்று இன்று எனக்கே தெரியவில்லை.

பெயர் தெரியாவிட்டால்

தெரியாது என்றே எழுதுங்கள். "டிக் டிக் குரல், கோரைக்குள்" என்று எழுதியதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் பெயர் கிடைத்தது. அப்போது பழைய பக்கங்கள் எல்லாவற்றிலும் அதைக் கண்டுபிடித்துச் சேர்க்க முடிந்தது. ஊகித்து ஏதோ ஒரு பெயரை எழுதியிருந்தால் அது தவறென்று எனக்கே தெரிந்திருக்காது.

படம் எடுப்பதானால் அழகுக்காக எடுக்காமல் அடையாளத்துக்காக எடுங்கள். தட்டானுக்குப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. செடிக்கு முழுச்செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூ அல்லது காய். தவளைக்கு முதுகு, விலா, முடிந்தால் கால்விரல். கைபேசிச் செயலிகள் படத்தையும் குரலையும் வைத்துப் பெயர் சொல்லும். அந்தப் பெயரைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, அது உங்கள் பகுதியில் வாழ்வதுதானா, இந்தப் பருவத்தில் இருக்குமா என்று சரிபாருங்கள்.

கோரைத் தண்டில் ஒரு வெறும் தோல்

இனி எனக்கு மிகவும் பிடித்த வேலையைச் சொல்கிறேன். தட்டான் பருவத்தில் கோரைத் தண்டுகளை, நீருக்கு மேலே ஒரு முழ உயரம் வரை, அடியிலிருந்து நுனிவரை பார்வையால் தடவிக்கொண்டே போங்கள். மண்ணிறத்தில், ஆறு காலாலும் தண்டை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பூச்சி இருக்கும். தொட்டால் அசையாது. கிட்டப் போய்ப் பாருங்கள். முதுகில் நீளவாக்கில் வெடித்திருக்கும். வெடிப்பிலிருந்து நான்கைந்து வெள்ளை நூல்கள் தொங்கும். உள்ளே ஒன்றும் இல்லை.

நீருக்குள் புழுப்பருவத்தைக் கழித்த தட்டான், ஓர் இரவில் தண்டின்மேல் ஏறி, முதுகைப் பிளந்து வெளியே வந்து, சிறகை விரித்துக் காயவைத்துப் பறந்துபோனதன் மிச்சம் அது. அந்த வெள்ளை நூல்கள் அதன் மூச்சுக்குழாய்களின் உள்தோல். முகத்தின் அடியில் மடித்துவைத்த கை போன்ற ஓர் உறுப்பும் அப்படியே இருக்கும். இரையைக் கண்டால் அதைச் சட்டென்று நீட்டிப் பிடிக்கும். கொசுப் புழுக்களை அது தின்றது இந்தக் கையால்தான்.

இந்தத் தோலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம். தேசாந்திரித் தட்டான் கடலையே கடந்து வலசை போகிறது. ஆனால் தோல் இருக்கிறதென்றால் அந்தத் தட்டான் இதே நீரில் முட்டையிலிருந்து வளர்ந்து முழுப்பருவம் அடைந்திருக்கிறது என்று பொருள். குளத்தின் நீர் அதற்குப் போதிய நாள் நின்றிருக்கிறது, நஞ்சாகவில்லை, ஒளிய நீர்ச்செடி இருந்திருக்கிறது, ஏற ஒரு தண்டும் இருந்திருக்கிறது. எந்த உயிருக்கும் தீங்கு செய்யாமல் கையில் எடுத்துவரக்கூடிய சாட்சி இது. தீப்பெட்டி போன்ற சிறு பெட்டியில், தேதியும் நிற்குமிடமும் எழுதிய துண்டுத்தாளோடு போட்டுவையுங்கள். பெயர் பிறகு கண்டுபிடிக்கலாம். கரையைக் கல்லால் கட்டிய தென்பக்கத்தில் இதுவரை எனக்குக் கிடைத்த தோல்கள் 7. கோரை நிற்கும் இரண்டாம் இடத்தில் 412.

குப்பை என்று நினைத்தது

நான்காம் ஆண்டில் இரண்டாம் நிற்குமிடத்துக்கு எதிரே அழுகிய நீர்ப்பாசிக் குவியல் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. "மிதக்கும் குப்பை" என்றுதான் இரண்டு வாரம் எழுதினேன். மூன்றாம் வாரம் நான் அசையாமல் நின்று ஆறேழு நிமிடம் ஆனபிறகு, முக்குளிப்பான் ஒன்று சத்தமில்லாமல் குவியலுக்குப் பக்கத்தில் தலையைத் தூக்கியது. சுற்றிலும் பார்த்தது. மேலே ஏறி, அலகால் ஈரப்பாசியை இடமும் வலமுமாக ஒதுக்கியது. அடியில் நான்கு முட்டைகள், பாசிக் கறை ஏறி மண்ணிறமாக. அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

கூட்டை விட்டுப் போகும்போது முக்குளிப்பான் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். அதாவது, நான் சென்ற இரண்டு வாரமும் என் வருகையைக் கண்டு அது மூடிவிட்டு விலகியிருக்கிறது. நான் கரையோரமாகப் போய் நின்றதால், ஒவ்வொரு வாரமும் பத்து நிமிடம் அந்த முட்டைகள் சூடில்லாமல் கிடந்தன. அன்றே நிற்குமிடத்தை 15 மீட்டர் பின்னுக்கு, ஒரு புதர் மறைவுக்கு மாற்றினேன். பாதையை மாற்றாதீர்கள் என்று சொன்ன நானே மாற்றிய ஒரே இடம் அது. மாற்றிய தேதியும் காரணமும் நோட்டில் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கணக்கைவிடக் கூடு முக்கியம்.

பறவையின் பதிவுக் குரலைப் போட்டு அதை வரவழைக்காதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் எதிரி வந்துவிட்டதென்று நினைத்து அது கூட்டை விட்டு வெளியே வந்து அலையும். கூட்டுக்கு எதிரே இருக்கும் இலைதழைகளைப் படத்துக்காக ஒதுக்காதீர்கள். பிடித்துப் பார்ப்பதும் வேண்டாம். காட்டுயிரைப் பிடிக்கப் பல நாடுகளில் அரசு அனுமதி தேவை, நம் கணக்குக்கு அது தேவையும் இல்லை.

ஒரு கூட்டின் இடத்தை வெளியே சொல்லி நான் இழந்திருக்கிறேன். ஐந்தாம் ஆண்டில், கோரைக்குள் வாழும் ஒரு கூச்ச சுபாவப் பறவையின் கூட்டை, எந்தத் திருப்பத்தில் என்பது உட்பட ஒரு குழுவில் எழுதிவிட்டேன். அடுத்த விடுமுறை நாளில் ஏழெட்டுப் பேர் கேமராவோடு வந்து கோரையை மிதித்து நின்றார்கள். அதற்கடுத்த வாரம் கூடு காலி. அப்பறவை அதற்குப் பின் என் நோட்டில் மூன்று ஆண்டு சுழிதான். அரிய உயிரின் கூடு, குகை, இரவுத் தங்குமிடம் எதையும் பருவம் முடியும்வரை பொதுவில் எழுதாதீர்கள்.

காலணியையும் கழுவுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட நீர்நிலைகளுக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் பூஞ்சை உலகெங்கும் 500 இனங்களுக்கு மேல் குறைவதற்குக் காரணமாயிருக்கிறது, அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்கிறது 2019இல் வெளியான ஆய்வு. ஈரச்சேறு ஒட்டிய காலணியும் வலையும் அதை ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குக் கொண்டுபோகக்கூடும். ஊடுருவும் நீர்ச்செடிகளும் அப்படித்தான் பரவுகின்றன. சேற்றைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த குளத்துக்குப் போங்கள்.

பதிவை எங்கே சேர்ப்பது

நோட்டு உங்களிடம் இருக்கட்டும், பதிவு வெளியே போகட்டும். பறவைக்கு 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்னும் இணையதளம் இருக்கிறது. அதில் பதிவிடும்போது, அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்கும். "ஆம்" என்று சொல்லும்படி முழுப் பட்டியலாகக் கொடுங்கள். முழுப் பட்டியலில் பெயர் இல்லாத பறவை உங்கள் கண்ணில் படாத பறவை என்று எடுத்துக்கொள்ளலாம். நான் சொன்ன சுழியேதான் அது. மற்ற உயிர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையதளம். படம், தேதி, இடம் இருந்தால் மற்றவர்கள் பெயரை உறுதிசெய்ய உதவுவார்கள். அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் இடத்தை அது தானாகவே மங்கலாக்கிக் காட்டும். நீங்களாகவும் மறைத்துவைக்கலாம். இரண்டிலிருந்தும் பதிவுகள் ஜிபிஐஎஃப் என்னும் உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்குப் போகின்றன, ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆண்டு முடிந்ததும்

உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கைப் போடுங்கள்: எத்தனை முறை போனேன், அதில் எத்தனை முறை இந்த உயிர் இருந்தது. ஐந்தாம் ஆண்டில் நான் போனது 47 முறை, முக்குளிப்பான் இருந்தது 31. அதாவது 66 விழுக்காடு. ஆறாம் ஆண்டில் 46க்கு 24, அதாவது 52 விழுக்காடு. இப்போது நான் குறைவாகப் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு ஆண்டை மட்டும் வைத்து அழிகிறது என்று கூச்சலிடவும் கூடாது. மழை குறைந்தால் எண்ணிக்கை ஆடும். நான்கைந்து ஆண்டு ஒரே திசையில் போனால்தான் கவலைப்பட வேண்டும். நீர்மட்டக் கோலின் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதி ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம் அங்கேயே கிடைக்கும்.

இந்தக் கணக்கு எதற்குப் பயன்படும் என்பது எட்டாம் ஆண்டில் தெரிந்தது. கோரை திரும்ப வளர்ந்திருந்தது, திரும்ப வழித்தெடுக்க முடிவு செய்திருந்தார்கள். 30ஆம் வாரம் வேலை தொடங்குவதாக இருந்தது. இந்த முறை நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரே ஒரு தாள். அதில் ஒரு வரைபடம், நான்கு வரி: கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் ஐந்து ஆண்டாக 26ஆம் வாரத்திலிருந்து 41ஆம் வாரத்துக்குள் நடக்கிறது, 42ஆம் வாரத்துக்குப் பின் தொடங்கினால் ஒரு கூடும் அழியாது, இந்த ஆண்டு வடபாதி, அடுத்த ஆண்டு தென்பாதி என்று வெட்டினால் உயிர்கள் ஒதுங்க எப்போதும் இடம் இருக்கும், வடகரைச் சரிவை மட்டும் கல் பதிக்காமல் விடவேண்டும்.

கோபத்தோடு போகாதீர்கள். கோரையை வெட்டவே கூடாது என்றும் சொல்லாதீர்கள். வெட்டாமலே விட்டாலும் குளம் தூர்ந்துபோகும், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அதற்கு அவர்களால் சரி என்று சொல்ல முடியும். என்னிடம் சரி என்றார்கள். கொசுவைத் தின்னக் கம்பூசியா மீன் விடும் யோசனையும் இருந்தது. வட அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் தலைப்பிரட்டைகளையும் நீர்ப்பூச்சிகளையும் சேர்த்தே தின்றுவிடும். உலகின் மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. தட்டான் தோல்கள் நிறைந்த ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து, கொசுப் புழுவைத் தின்கிறவை ஏற்கெனவே குளத்தில் இருக்கின்றன என்று காட்டினேன். மீன் விடவில்லை.

கடைசியாக ஒரு வேலை. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாத முடிவில் கைபேசியில் படமெடுத்து, வேறு ஒருவரிடமும் ஒரு படி கொடுத்துவையுங்கள். அதோடு, உங்களுக்கு உடம்பு முடியாத வாரத்தில் போய்வர ஒருவரைப் பழக்குங்கள். நான் என் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பழக்கியிருக்கிறேன். பள்ளியில் படிக்கிறாள். மூன்று மாதம் என்னோடு நடந்து, நான் எண்ணுவதையும் அவள் எண்ணுவதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம். சென்ற பருவத்தில் எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு வாரமும் அவளே போனாள். அவள் எழுதிய பக்கத்தின் முதல் வரி: "ஆள்: ஒருவர், மாற்று ஆள். இடம் 1: முக்குளிப்பான் 0." அதற்குக் கீழே, இரண்டாம் இடத்தில், "முக்குளிப்பான் 1, முதுகில் குஞ்சு 3."